பாலாய்ராயா சாவி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தாமான் பாலாய்ராயாவின் முன்னால் இரண்டு லோரிகள் வந்து நின்றன. ஒன்றில் கல்யாணக் கெந்தூரிக்கான மேசை நாற்காலிகள். இன்னொன்றில் கருமாதிச் சாப்பாட்டுக்கான அண்டாக்களும் அடுப்பும். ஒரே மண்டபம், ஒரே நாள்.

எங்கள் ருக்குன் தெத்தாங்காவின் தலைவர் ஓய்வுபெற்ற ராணுவ வீரர். தாமானில் எல்லாருக்கும் அவர் ‘பாக்சிக்’தான். சூராவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பருக்கு மண்டபம் உண்டு என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பொருளாளர் எழுபது வயதைத் தாண்டிய தமிழர், எனக்குப் பெரியப்பா முறை மாதிரி. அவர் கணவரை இழந்த ஓர் அம்மாவின் மகனிடம் சாவியையே கொடுத்துவிட்டார். ரெண்டு பேருமே “செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டேனே” என்றார்கள்.

செக்ரட்டரி நான்தான். பொறியியல் படித்த பையன், கம்ப்யூட்டரில் கடிதம் அடிப்பான் என்று இருபத்தாறு வயதில் என்னைப் பிடித்து அந்தப் பதவியில் உட்கார வைத்திருந்தார்கள். வாட்சாப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு பேரின் செய்தியும் நான்கு நாள் இடைவெளியில் வந்திருந்தது. இரண்டுக்கும் நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தேன்.

அன்றைக்கு நிலைமையைச் சமாளித்தது நாங்கள் மூன்று பேருமல்ல. மகளிர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சீன ஆன்ட்டி, கருமாதிச் சாப்பாட்டைக் கூரை போட்ட பேட்மிண்டன் திடலுக்கு மாற்றினார். நாற்காலி போதாமல் கெந்தூரி வீட்டிலிருந்தே இருபது நாற்காலி வாங்கிக் கொடுத்தார். இரண்டு வீட்டாரும் சாப்பிட்டுக் கலைந்துவிட்டார்கள். செயலவைதான் கலையாமல் நின்றது. பாக்சிக் எல்லார் முன்னாலும் பொருளாளரிடம் மண்டப வாடகை ரசீதுகளைக் கேட்டார். “என்னைத் திருடன்னு சொல்றீங்களா?” என்று இவர் மலாயில் கத்தினார். அன்று மாலையே வாட்சாப்பில் குரல் பதிவுகள் பறக்க ஆரம்பித்தன. முதலில் இரண்டு ஆட்களின் பெயர் இருந்தது. மூன்றாம் நாள் பெயர்கள் போய், “அவங்க எப்பவுமே இப்படித்தான்” என்று ஆகிவிட்டது. அந்த ‘அவங்க’வைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

வங்கிக் கணக்கில் பணம் எடுக்க இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். இரண்டு பேரும் போடவில்லை. மூன்று மாதம் ‘சி’ புளோக் படிக்கட்டில் விளக்கு எரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான், ஆண்டறிக்கைக்காக ருக்குன் தெத்தாங்கா கொட்டகையின் இரும்பு அலமாரியைக் குடைந்தபோது, கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்கள் சில அகப்பட்டன. எழுபதுகளின் கடைசியைச் சேர்ந்த ரோந்துப் பதிவேடுகள். தேதி, மணி, வீட்டு எண், கையெழுத்து. பெரும்பாலான பக்கங்களில் கடைசிப் பத்தியில் ஒரே வரி: நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது. கரையான் தின்றது போக மிச்சமிருந்த அந்தப் பக்கங்கள்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துவிட்டன.

*

ருக்குன் தெத்தாங்கா திட்டத்தைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் 1975 ஆகஸ்ட் 29-ஆம் தேதி தொடக்கி வைத்தார். இடம், கோலாலம்பூர் கம்போங் காசிப்பிள்ளை. நாட்டின் ‘அண்டை அயலார்’ திட்டம் ஒரு தமிழ்ப் பெயர் கொண்ட கம்பத்தில்தான் பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அன்றைய சூழலைப் பார்த்தால் அது எவ்வளவு பதற்றத்தில் பிறந்தது என்று புரியும். முந்தைய ஆண்டு ஜூன் மாதம் நாட்டின் போலீஸ் படைத் தலைவர் அப்துல் ரஹ்மான் ஹாஷிம் தலைநகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1975 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜப்பானியச் செம்படையினர் கோலாலம்பூர் ஏ.ஐ.ஏ. கட்டடத்தில் ஆட்களைப் பிணை பிடித்தார்கள். தொடக்க விழா நடந்த அதே வாரத்தில்தான் தேசிய நினைவுச் சின்னத்தில் குண்டு வெடித்தது. இதற்கெல்லாம் பின்னால் மே 1969-இன் நினைவும் இருந்தது. 1969-இல் பிரகடனப்படுத்திய அவசரகாலம் இன்னும் நடப்பில் இருந்ததால், ருக்குன் தெத்தாங்காவும் அவசரகால விதிமுறைகளின் கீழ்தான் வந்தது. வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் பதிந்துகொள்ள வேண்டும். 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் முறை வைத்து இரவு ரோந்து வரவேண்டும். வராவிட்டால் தண்டனை உண்டு.

ஒற்றுமைக்கான திட்டம் என்று நாம் பள்ளிப் பாடத்தில் படித்தது, தொடக்கத்தில் ஒரு காவல் முறை. எதிரி வெளியிலிருந்து இருட்டில் வருவான். அவனைப் பிடிக்க அக்கம்பக்கத்தார் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கும் அந்த அக்கம்பக்கத்தார் இருவரும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பது அந்த நாளின் கவலையாக இருக்கவில்லை.

*

இந்த ‘விழித்திரு’ என்ற கட்டளைக்கு இன்னும் பழைய வேர் இருக்கிறது. ருக்குன் தெத்தாங்கா என்ற பெயரே இந்தோனேசியாவில் புழங்கும் பெயர். நம் ருக்குன் நெகாராவில் வரும் ‘ருக்குன்’ கோட்பாடு, தூண் என்ற பொருளில் வருவது. அண்டை வீட்டோடு சேர்ந்து வரும் ‘ருக்குன்’ இணக்கத்தைக் குறிப்பது. இணக்கம் என்ற இந்த அழகான சொல்லுக்குப் பின்னால் போர்க்காலம் இருக்கிறது. ஜப்பானிய ராணுவம் தன் நாட்டில் வைத்திருந்த ‘தொனாரிகுமி’ என்ற அண்டை வீட்டுக் குழு முறையை 1944-இல் ஜாவாவில் நடைமுறைப்படுத்தியது. பங்கீட்டு அரிசி, கட்டாய வேலை, வேவு பார்ப்பது எல்லாம் அதன் வழியாக நடந்தன. ஜப்பானியர்கள் போனபிறகும் அந்தக் கட்டமைப்பு போகவில்லை. இந்தோனேசியாவின் ருக்குன் தெத்தாங்கா அதிலிருந்து வளர்ந்ததுதான்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியர்கள் ‘ஜிகெய்தான்’ என்ற காவல் படையை அமைத்தார்கள். குடியிருப்பில் உள்ள ஆண்கள் முறை வைத்து இரவுக் காவல் நிற்க வேண்டும். புதிதாக யாராவது வந்தால் தெரிவிக்க வேண்டும். ஜப்பானியர் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். 1948-இல் அவசரகாலம் தொடங்கியது. பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் லட்சக்கணக்கானோர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் பல இடங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு வேலிக்குள் வந்தன. அங்கேயும் உள்ளூர்க் காவல் படை. அங்கேயும் குடியிருப்பவன்தான் இரவில் காவல்காரன்.

முப்பத்தைந்து ஆண்டுக்குள் மூன்று ஆட்சிகள். மூன்றும் வெவ்வேறு. ஆனால் மூன்றுக்கும் ஒரே யோசனைதான் தோன்றியிருக்கிறது: ராத்திரியில் அண்டை வீட்டுக்காரனை எழுப்பி நடக்க விடு. என் தாத்தா தலைமுறையில் ஒருவர் இந்த மூன்றிலும் நடந்திருக்க முடியும்.

*

சரி, மேலிருந்து உத்தரவு வராமல் நம்மவர்களே குடியிருப்புக்கு ஒரு குழு அமைத்துக்கொண்டதில்லையா? உண்டு. கெடாவில் எழுந்த தொண்டர் படை அதில் முக்கியமானது.

போர் முடிந்த கையோடு, 1946 வாக்கில், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் இளைஞர்கள் தொண்டர் படைகளை அமைத்தார்கள். ஏ.எம். சாமி என்பவர் அதன் முன்னணித் தலைவர். போர்க்காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் கற்ற அணிவகுப்பும் கட்டுப்பாடும் அந்த இளைஞர்களிடம் இருந்தன. அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் எதிரி கள்ளுக்கடை. தோட்டத்துக்குள்ளேயே அனுமதி பெற்று நடந்த கடை அது. சம்பளத்தில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிப் போனது. கள்ளுக்கடை மறியல், ஊர்வலம், சுத்தம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்று லயத்து வாழ்க்கையையே மாற்றப் பார்த்தார்கள்.

சொந்தக் காலில் எழுந்து நின்ற ஒரு சமூகத்தின் கதை என்ற அளவில் இது எனக்குப் பெருமையைத் தருகிறது. ஆனால் செயலாளராக இருந்துகொண்டு படிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது. தொண்டர் படை நிர்வாகத்தை மட்டும் எதிர்க்கவில்லை. சொந்த ஆட்களையும் தண்டித்தது. குடித்துவிட்டு வந்தவன் அதன் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. சீர்திருத்தம், காவல், நீதி மூன்றும் ஒரே கையில் இருந்தன. 1947 பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் போலீசாருடன் நடந்த மோதல்கள் உயிர்ப்பலி, கைது என்று முடிந்தன. படையும் நொறுக்கப்பட்டது. அதனால் அது நீடித்திருந்தால் தன் உள்ளே எழும் முரண்பாட்டை எப்படி எதிர்கொண்டிருக்கும் என்று பார்க்க வரலாறு வாய்ப்பே தரவில்லை.

நம் பேச்சு வழக்கில் ‘பஞ்சாயத்து’ என்றாலே தீர்ப்பு. யார் தப்பு, யாருக்கு அபராதம், யார் மன்னிப்புக் கேட்பது. என்னிடம் தாமான்காரர்கள் எதிர்பார்த்ததும் அதுதான். “நீ செக்ரட்டரி, ஒரு முடிவு சொல்லு தம்பி” என்றார்கள். எனக்கோ நாக்கு எழவில்லை. முடிவு சொல்ல உட்காருபவன் கட்டைவிரல் காட்டியவனாக இருந்தால் எப்படி?

*

பழைய பதிவேடுகளைப் பொருளாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கோபத்தை மறந்து புரட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, “இவனுக்கும் எனக்கும் ஆவவே ஆவாது. வேலி விஷயத்துல ரெண்டு வருஷம் பேச்சு கிடையாது” என்றார். ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு பேரின் கையெழுத்தும் அடுத்தடுத்து இருந்தது. எப்படி என்று கேட்டேன்.

“வீட்டு நம்பர் வரிசையிலதான் ஆளைப் போடுவாங்க. புடிச்சவன் புடிக்காதவன்லாம் பாக்க முடியாது. போவலைன்னா கேஸு. அவன் முன்னாடி டார்ச் லைட்டோட நடப்பான், நான் பின்னாடி கம்போட நடப்பேன். பேச மாட்டோம். ஒரு நாள் மழை. அவன் ஃபிளாஸ்க்ல கோப்பி கொண்டாந்திருந்தான். என்னா செய்றது, குடிச்சேன்.”

“அப்புறம் பேசிட்டீங்களா?”

“ராத்திரியில பேசுவோம். பகல்ல பேச மாட்டோம்.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சட்டத்தின் தண்டனைக்குப் பயந்துதான் அவர்கள் நடந்தார்கள். அதை நான் கொண்டாட விரும்பவில்லை. அவசரகால விதியால் மக்களை எழுப்பி நடத்துவது நல்ல நாட்டுக்கு அழகல்ல. ஆனால் அந்தக் கட்டாயம் யாரும் திட்டமிடாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டது. யாருடன் வேலை செய்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வசதியை அது பறித்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர், கடன்காரர், வேலிச் சண்டைக்காரர் என்று எல்லாரும் வீட்டு எண்ணாக மாறி, இரண்டிரண்டு பேராக நடந்தார்கள்.

1983-க்குப் பிறகு அரசாங்கம் ருக்குன் தெத்தாங்காவின் அழுத்தத்தைக் காவலிலிருந்து அண்டை அயலார் உறவுக்கு மாற்றியது. 2001-இலிருந்து ‘சமூகம்’ என்பது அதன் அடுத்த கட்டம். குடும்ப தினம், கோத்தோங் ரோயோங், சமையல் வகுப்பு, பெருநாள் விருந்து. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் விருந்துக்குப் பிடித்தவர் பக்கத்தில் உட்காரலாம். பிடிக்காதவர் வந்தால் எழுந்து போய்விடலாம். ரோந்து குறையக் குறைய, செயலவையில் மிஞ்சியது மீட்டிங், பதவி, மண்டபச் சாவி. சண்டை போட அவை மூன்றும் போதும்.

*

2001 மார்ச்சில் கம்போங் மேடானில் நடந்ததை எங்கள் தலைமுறை கதையாகத்தான் கேட்டிருக்கிறது. அப்போது நான் கைக்குழந்தை. பெட்டாலிங் ஜெயாவின் ஓரத்தில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய நெரிசலான, ஏழ்மையான வட்டாரம். ஒரு கல்யாணப் பந்தலுக்கும் ஒரு சாவு வீட்டுக்கும் இடையில் வந்த தகராறிலிருந்து பரவியதாகச் சொல்லப்பட்ட கலவரம் சில நாட்களில் ஆறு உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பலர் படுகாயம் அடைந்தார்கள். வதந்தி, வறுமை, நெருக்கடி எல்லாம் சேர்ந்த அந்தத் துயரத்தை ஒரு பந்தல் சண்டை என்று சுருக்குவது நியாயமல்ல. ஆனாலும் எங்கள் பாலாய்ராயா முன்னால் அன்று நின்ற இரண்டு லோரிகளை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கல்யாணம் ஒரு பக்கம், சாவுச் சோறு ஒரு பக்கம். எங்களுக்கு வாட்சாப்பும் இருந்தது.

அந்தப் பத்தாண்டுக்குள் ஒருமைப்பாட்டுத் துறை, ருக்குன் தெத்தாங்கா உறுப்பினர்களுக்குச் சமூகச் சமரசப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. 2011 கடைசியில் நாடாளுமன்றம் பழைய அவசரகாலப் பிரகடனங்களை ரத்து செய்ததும் 1975-இன் விதிமுறைகளுக்கு அடித்தளம் போய்விட்டது. 2012-இல் ருக்குன் தெத்தாங்காவுக்கு என்றே தனிச் சட்டம் வந்தது, 751-ஆவது சட்டம். அதில் ரோந்து தன்னார்வமானது. குடியிருப்பாளர்களுக்கு இடையிலான பிணக்கைச் சமரசம் செய்து வைப்பதும் செயலவையின் வேலைகளில் ஒன்றாக எழுதப்பட்டது. அதே ஆண்டில் சமரசத்துக்கென்று பொதுவான ஒரு சட்டமும் வந்தது.

இந்த வேலை செய்பவரைத் தமிழில் எப்படி அழைப்பது என்று யோசித்துப் பார்த்தேன். ‘நடுவர்’ என்றால் தீர்ப்புச் சொல்பவர். ‘பஞ்சாயத்தார்’ என்றாலும் அதேதான். சமரசம் செய்பவர் தீர்ப்பே சொல்லக்கூடாது. இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்டதை வெளியில் விடக்கூடாது. முடிவை அவர்களே எடுக்க வேண்டும். தொண்டர் படைக்கும் தெரியாத, ஜிகெய்தானுக்கும் வேண்டாத வேலை இது. நம்மிடம் இதற்குப் பழக்கமில்லை என்பதால்தான் சொல்லும் கைவசம் இல்லையோ என்னவோ.

*

நான் அந்தப் பயிற்சிக்குப் போனவனல்ல. சீன ஆன்ட்டி போனவர். அவர்தான் “முதல்ல தனித்தனியா போய்க் கேளு. வாயை மூடிக்கிட்டுக் கேளு” என்றார்.

போனேன். பாக்சிக் மண்டபத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தான் தலைவராக இருக்கும் மண்டபத்துக்கு இன்னொரு சாவி இருப்பதே அன்றைக்குத்தான் தனக்குத் தெரியும் என்றார். பொருளாளரும் மண்டபத்தைப் பற்றிப் பேசவில்லை. ரசீதைக் கேட்டபோது அவருடைய மருமகன் பக்கத்தில் நின்றிருக்கிறார். “மருமவன் முன்னாடி தம்பி...” என்று அதற்கு மேல் சொல்லவில்லை. மூன்று மாதமாகத் தாமான் முழுக்க இனப் பிரச்சினையாகப் பேசப்பட்டது, ஒரு சாவியும் ஒரு மருமகனும். (இதை எழுத இருவரிடமும் அனுமதி வாங்கினேன். “போடு, பேரைப் போடாதே” என்று இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.)

அடுத்த கூட்டத்தில் நான் முதல் ஆளாக எழுந்து என் வாட்சாப்பைக் காட்டினேன். இரண்டு கட்டைவிரல்கள். என்னுடைய தவறு என்று சொல்லி அதை மினிட்டில் எழுதவும் செய்தேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பாக்சிக், “பூடாக்-பூடாக்” என்று தலையை ஆட்டினார். சின்னப் பசங்க என்று அர்த்தம். பொருளாளர் அதற்குச் சிரித்தார். மூன்று மாதத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் என் முட்டாள்தனம்தான்.

மூன்று முடிவுகள் எடுத்தோம். மண்டபத்துக்கு ஒரு முன்பதிவு நோட்டு. அதைக் கயிறு கட்டி அறிவிப்புப் பலகையில் தொங்கவிட வேண்டும். நோட்டில் இல்லாத வாக்கு செல்லாது. சாவி இரண்டு, யாரிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். வரவு செலவைக் கேள்வி கேட்பதாக இருந்தால் கூட்டத்தில் கேட்க வேண்டும், தெருவில் கேட்கக்கூடாது. நான்காவதாக ஒன்றை நான் சேர்க்கச் சொன்னேன். கோத்தோங் ரோயோங்கில் குழு பிரிக்கும்போது இனி வீட்டு எண் வரிசையில்தான் பிரிப்பது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பொருளாளர் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. காசோலையில் ஒருவர் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுப்பார். நான் அடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ‘சி’ புளோக்கில் விளக்கு எரிகிறது.

போன மாதம் கோத்தோங் ரோயோங். இருவருடைய வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு எண்தான். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆகவே ஒரே குழு. கால்வாயின் ஒரு முனையிலிருந்து அவரும் மறுமுனையிலிருந்து இவரும் மண்வெட்டியோடு ஆரம்பித்தார்கள். நடுவில் நான் குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தரை மணி வாக்கில் இரண்டு மண்வெட்டியும் பக்கத்தில் வந்தன. அடைத்துக் கிடந்த கல் ஒன்றைச் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. “பெலான்-பெலான்” என்றார் ஒருவர். “தெரியும்” என்றார் மற்றவர்.

அன்றைய மினிட்டில் நான் எழுதியது ஒரே வரி: கால்வாய் சுத்தம் செய்யப்பட்டது, தண்ணீர் ஓடுகிறது.